கேட் கோளாறானால் போலீஸ் சொல்வது ரயிலுக்குச் செல்லுமா?

வீரவநல்லூரான்:
போன வாரம் காலையில் எங்கள் பக்கத்து லெவல் கிராசிங் ஒன்றில் பெரிய சண்டை. எந்த கேட் என்று எழுதவில்லை, அங்கே வேலை பார்ப்பவருக்கு ஏன் வம்பு? செங்கோட்டை பாசஞ்சர் போய்விட்டது, ஆனால் கேட் கம்பி மேலே ஏறவில்லை. கேட் கீப்பர் வின்ச்சைச் சுற்றிப் பார்க்கிறார், ஒரு பக்கம் பாதி ஏறி நிற்கிறது, மறுபக்கம் அசையவே இல்லை. இரண்டு பக்கமும் ஸ்கூல் வேன், பால் வண்டி, வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ என்று வரிசை கட்டிவிட்டது.

அந்த வழியாக வந்த போலீஸ் ஜீப்பிலிருந்து எஸ்.ஐ. இறங்கினார். "ரயில்தான் போயாச்சுல்லா, நாலு பேரைக் கூப்பிட்டுக் கம்பியைத் தூக்கு, வண்டியை விடு" என்றார். கேட் கீப்பர், "ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்காமல் முடியாது சார்" என்று சொல்லிவிட்டார். எஸ்.ஐ.க்குக் கோபம். கூட்டம் மொத்தமும் எஸ்.ஐ. பக்கம். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் ரயில்வே ஆட்கள் வந்து சரிசெய்தார்கள்.

என் கேள்வி: சட்டப்படி அந்த எஸ்.ஐ. சொன்னதை கேட் கீப்பர் கேட்டே ஆக வேண்டுமா? இன்னொன்று, கேட் மூடாமல் திறந்தபடி மாட்டிக்கொண்டால் போலீஸ் ரயிலை நிறுத்த முடியுமா?

டவுன் அல்வா:
ஏட்டையா விசில் அடிச்சா நிக்கதுக்கு அது என்ன ஷேர் ஆட்டோவாவே? எஞ்சினுக்கு ஆர்.சி. புக் கேட்டுராதீங்க.

பழைய மாஸ்டர்:
அல்வா கேலி செய்தாலும் விஷயம் அதுதான். நான் தென் மாவட்டங்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட்டில் இரண்டு வகை. ஒன்று, சிக்னலோடு பூட்டப்பட்டது, இன்டர்லாக்கிங் என்போம். கம்பி இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் சிக்னல் பச்சையாகும். பச்சை கொடுத்துவிட்டால் கேட்டைத் திறக்கும் சாவி கைக்கு வராது. சிக்னலைத் திரும்பச் சிவப்பாக்கினாலும் உடனே வராது, ஓடிவரும் ரயில் நின்றுவிடும் அளவுக்கு நேரம் கழிய வேண்டும். இந்த வகை கேட்டில் எஸ்.ஐ. சொன்னாலும் எஸ்.பி. சொன்னாலும் திறக்க வழியில்லை. பிரச்சினை மனிதர்களிடம் இல்லை, பூட்டில்.

மற்றது, சிக்னலோடு சேராதது. இங்கே எல்லாம் போனிலும் நம்பிக்கையிலும் ஓடுகிறது. ரயிலை விடுவதற்கு முன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் போடுவார். கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள அச்சடித்த தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார். மாஸ்டர் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் ரயில் கிளம்பும். அந்த நம்பர் மாஸ்டர் கையில் இருக்கும்வரை, "கேட் மூடியிருக்கிறது" என்று நினைத்துத்தான் அவர் ரயில் விடுகிறார். நம்பர் கொடுத்த பிறகு யாரோ சொன்னார்கள் என்று கம்பியைத் தூக்கினால், மாஸ்டர் ஒரு பொய்யை நம்பி ரயில் அனுப்புகிறார் என்று அர்த்தம்.

வீரவநல்லூரான் பார்த்த இடத்தில் பாசஞ்சர் போய்விட்டது, சரி. அடுத்தது என்ன வருகிறது என்று எஸ்.ஐ.க்குத் தெரியுமா? திருநெல்வேலி தென்காசி ஒற்றை வழிப்பாதை. பாசஞ்சர் அடுத்த ஸ்டேஷனுக்குள் போனவுடன் அதற்கு வழிவிட்டு அங்கே நின்ற எதிர் வண்டி கிளம்பும். ரயில் போயாச்சு என்பது ரோட்டில் நிற்பவர் பார்வை. கேட் கீப்பர் மாஸ்டரைக் கேட்கிறேன் என்றது வீம்பு இல்லை, அவர் வேலையே அது.

இப்போது இரண்டாவது கேள்வி. கேட் மூடவில்லை என்றால் கேட் கீப்பர் முதலில் மாஸ்டருக்குச் சொல்வார். பிறகு ரோட்டின் குறுக்கே சங்கிலியைக் கட்டிப் பூட்டுவார். எல்லா கேட்டிலும் அந்தச் சங்கிலி இருக்க வேண்டும். சிக்னலோடு சேர்ந்த கேட் என்றால் கேட் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். லோகோ பைலட் அங்கே வந்து நின்று ஹாரன் அடிப்பார், பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் பார்ப்பார். அப்புறம் மெதுவாக கேட் வரை ஊர்ந்து வருவார். கேட் கீப்பர் பச்சைக்கொடி காட்டினால் கடப்பார். ஆள் இல்லை என்றால் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தி, ரயிலில் வந்தவர்களில் ஒருவர் இறங்கி, ரோடு அடைபட்டிருப்பதைப் பார்த்துக் கைகாட்டிய பிறகுதான் நகர வேண்டும். இந்த வரிசையில் போலீஸ்காரர் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள்.

ஆனால் ஒன்று உண்டு. ரயிலை நிறுத்தச் சொல்ல எவராலும் முடியும், போகச் சொல்லத்தான் ரயில்வேக்காரரால் மட்டும் முடியும். சிவப்புக்கொடி இல்லாவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாலே அது நிறுத்தக் குறி. இரவில் சிவப்பு விளக்கு இல்லையென்றால் வெள்ளை டார்ச்சை உடம்புக்குக் குறுக்கே வேகமாக ஆட்ட வேண்டும். இது விதியில் உள்ளது. காட்டுகிறவர் கான்ஸ்டபிளா, ஆடு மேய்ப்பவரா என்று எந்த டிரைவரும் யோசித்துக்கொண்டு வர மாட்டார்.

பாளை வக்கீல்:
மாஸ்டர் அண்ணாச்சி சொன்னதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ரயில்வே சட்டம் 1989, 18-ம் பிரிவு: கேட் போடுவதும், அதைத் திறக்க மூட ஆள் வைப்பதும் ரயில்வே நிர்வாகத்தின் கடமை. 160-ம் பிரிவு: ரோட்டுக்கு மூடப்பட்ட கேட்டை ரயில்வே ஊழியரோ அதற்கு அதிகாரம் பெற்றவரோ அல்லாத யார் திறந்தாலும் 3 ஆண்டு வரை சிறை. உடைத்தால் 5 ஆண்டு வரை. "போலீஸ் நீங்கலாக" என்று அதில் ஒரு வரியும் இல்லை. 146-ம் பிரிவு: ரயில்வே ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த எஸ்.ஐ. கோபத்தில் இன்னும் நாலு அடி வைத்திருந்தால் இந்தப் பிரிவுகளின் வாசலில் நின்றிருப்பார்.

அதற்காக அவருக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரோடு முழுக்க அவருடையது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ் சொல்வதை ஓட்டுநர் கேட்டாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 119. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-ம் பிரிவு, குற்றத் தடுப்புப் பணியில் போலீஸ் தரும் சட்டப்படியான உத்தரவுக்கு யாரும் கட்டுப்பட வேண்டும், மீறுபவரை அப்புறப்படுத்தலாம் என்கிறது. வரிசையை மீறி எதிர்த்தடத்தில் ஏறி வந்து கேட் வாயில் மூக்கை நுழைக்கும் கார்களை ஓரங்கட்ட இதற்கு மேல் என்ன அதிகாரம் வேண்டும்?

டவுன் அல்வா:
வக்கீல் அண்ணாச்சி, ரயில்வே போலீஸ் என்று ஒன்று இருக்கிறதே, அவர்கள் சொன்னால்?

பாளை வக்கீல்:
இரண்டு படை இருக்கிறது, எல்லோரும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இருப்புப்பாதை காவல் தமிழ்நாடு அரசின் போலீஸ். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் போலீஸ் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ரயில்வே போலீஸும் சேர்த்து என்றே போட்டிருக்கிறது. ஆர்.பி.எஃப். என்ற ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுப் படை, 1957-ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. கேட்டை உடைத்தது, அத்துமீறித் திறந்தது மாதிரி ரயில்வே சட்டக் குற்றங்களை ஆர்.பி.எஃப். பார்க்கும். உயிர்ச்சேதம் என்றால் இருப்புப்பாதை காவல் வழக்குப் பதியும். இரண்டில் எவருக்கும் ரயில் இயக்கும் அதிகாரம் கிடையாது. மாஸ்டர் சொன்ன அந்த நம்பர் தாளை அவர்கள் தொடக்கூட முடியாது.

காக்கி நெல்லை:
ஏட்டாக இருக்கிறேன், ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அந்த எஸ்.ஐ.யை எல்லோரும் வில்லனாக்குகிறீர்கள். கேட் அடைபட்டால் எங்களுக்கு என்ன நடக்கும் தெரியுமா? பத்து நிமிடத்தில் 112-க்கு நாலு போன் போகும். அதற்குள் ஒருவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். மேலே இருந்து "என்ன அங்கே கிளியர் ஆகலையா" என்று மைக்கில் கேட்பார்கள். கேட்டைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. பிரைவேட் நம்பர் என்று ஒன்று இருப்பதே இந்த இழையில்தான் தெரிகிறது.

என் கவலை ஆம்புலன்ஸ். அம்பை, சேரன்மகாதேவி பக்கமிருந்து ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மாரடைப்பு கேஸ் வருகிறது, கேட் சாத்திக் கிடக்கிறது. உள்ளே இருப்பவரின் மனைவி என் கையைப் பிடித்து அழுகிறார். அப்போது நான் 160-ம் பிரிவு படித்துக் காட்டவா?

பழைய மாஸ்டர்:
ஏட்டையா, நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் கேட் கீப்பரோடு சண்டை பிடித்தால் நிமிடங்கள்தான் போகும். அவர் குடிசையில் உள்ள போனில் மாஸ்டரிடம் நீங்களே பேசுங்கள். "ஆம்புலன்ஸ் நிற்கிறது, வண்டி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ரயில் இன்னும் ஸ்டேஷனில் நிற்கிறது என்றால் மாஸ்டர் அதைப் பிடித்து வைத்து, கேட்டைத் திறக்கச் சொல்லலாம். நானே செய்திருக்கிறேன், ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் அறைக்கு விளக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரயில் கிளம்பிவிட்டது என்றால் அது கடந்து போகும் வரை காத்திருப்பதுதான் வேகமான வழி.

கம்பியே மாட்டிக்கொண்டது என்றால் ஆம்புலன்ஸைக் கடத்தப் பார்க்காதீர்கள், நோயாளியைக் கடத்துங்கள். 108-ல் சொன்னால் மறுபக்கத்துக்கு இன்னொரு வண்டி அனுப்புவார்கள். மாஸ்டரிடம் ரயில் இல்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு, கேட் கீப்பர் கூட நிற்க, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இதற்கு நாலு பேர் வேண்டும், கூட்டத்தை விலக்க ஒரு காக்கிச்சட்டை வேண்டும். அங்கேதான் உங்கள் அதிகாரம் உயிரைக் காப்பாற்றும்.

அம்பை டீச்சர்:
மன்னிக்கவும், இதை ஆம்புலன்ஸோடு மட்டும் பார்க்க முடியவில்லை. 2025 ஜூலை 8 காலையில் கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஸ்கூல் வேன் மீது விழுப்புரம் மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அது மாஸ்டர் சொன்ன இரண்டாவது வகை கேட், சிக்னலோடு சேராதது. வேன் டிரைவர் வற்புறுத்தியதால் கேட் கீப்பர் விட்டார் என்று ரயில்வே முதலில் சொன்னது, கேட் திறந்தேதான் கிடந்தது என்று வேனில் இருந்த தரப்பு சொன்னது. எது உண்மையோ, அதன் பிறகு எங்கள் ஸ்கூல் வேன் டிரைவரிடம் நாங்கள் ஒன்று சொல்லிவிட்டோம். கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி, ஜன்னலை இறக்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

ஒரு டிரைவர் வற்புறுத்துவதே தப்பு என்றால், தொப்பியும் லத்தியுமாக ஒருவர் வற்புறுத்துவது எத்தனை மடங்கு? அந்தக் கேட் கீப்பர் தம்பி மறுத்தாரே, அவருக்கு யாராவது ஒரு சால்வை போடுங்கள். இருக்கிற சம்பளத்துக்கு, சுற்றி நூறு பேர் கத்தும்போது முடியாது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். தமிழ் அவ்வளவாகத் தெரியாத வடநாட்டுப் பையன்களையும் கேட்டில் போடுகிறார்கள். அவர்கள் எஸ்.ஐ.யிடம் எப்படி விளக்குவார்கள்?

பாளை வக்கீல்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. செம்மங்குப்பத்துக்குப் பிறகு, வண்டிப் போக்குவரத்து அலகு 10,000-க்கு மேல் உள்ள கேட்டுகளை எல்லாம் சிக்னலோடு இணைக்க ரயில்வே முடிவெடுத்தது. முன்பு அந்த எல்லை 20,000. இந்த அலகு ஒரு பெருக்கல் கணக்கு: ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் ரோட்டு வண்டி அலகுகளையும் பெருக்குவது. அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டலாம். குலவணிகர்புரம் கேட்டில் நின்று தலைமுடி நரைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும்.

வள்ளியூர் டிரைவர்:
நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். காற்றாலை இறக்கை, டவர் துண்டு என்று பணகுடி, ராதாபுரம் பக்கம் நிறைய ஏற்றியிருக்கிறேன். எங்களுக்கு இந்தக் கேள்வி தலைகீழாக வரும். முன்னால் போலீஸ் வண்டி பைலட் போகிறது, கேட்டில் அவர் கையைக் காட்டி வா வா என்கிறார். நான் போக மாட்டேன், கேட் கீப்பர் சொல்லட்டும் என்று நிற்பேன். மின்சாரப் பாதையில் மேலே 25,000 வோல்ட். அதற்குத்தான் கேட்டுக்கு முன் உயரம் காட்டும் கம்பி வளைவு, 4.67 மீட்டர். அதற்கு மேலே லோடு இருந்தால் ரயில்வே அனுமதி இல்லாமல் கடக்கவே கூடாது. பைலட் போலீஸுக்கு ரோட்டு மேடு பள்ளம் தெரியும், கம்பியில் ஓடும் கரண்ட் தெரியுமா?

ஒரு தடவை லோ பெட் என்கிற தாழ்ந்த தளமுள்ள டிரெய்லர் வண்டி தண்டவாள மேட்டில் அடிதட்டி நின்றதைப் பார்த்தேன், என் வண்டி இல்லை. கூட இருந்த போலீஸ்காரர் செய்த முதல் காரியம் ஜாக்கி தேடி ஓடியது. கேட் கீப்பர்தான் பாய்ந்து போனைப் பிடித்தார்.

பழைய மாஸ்டர்:
டிரைவர் தம்பி சொன்னது முக்கியமான இடம். தண்டவாளத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் முதல் வேலை வண்டியை எடுப்பது இல்லை, ரயிலை நிறுத்துவது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலுக்கு பிரேக் பிடித்து நிற்கவே ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்டப் போய்விடும். அதனால்தான் அகலப்பாதையில் கேட் கீப்பர் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்து பத்து மீட்டர் தள்ளி மூன்று என்று தண்டவாளத்தில் வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார்.

யோசித்துப் பாருங்கள், கேட் கீப்பர் ஒருவர். ரயில் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஒரு பக்கம் 1,200 மீட்டர் ஜல்லியில் ஓடி, திரும்ப வந்து, மறுபக்கம் ஓடி... போலீஸ் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் சிவப்புத் துணியோடு ஓடலாம். ரயில்வே சட்டம் எதுவும் அதைத் தடுக்காது, வீண் விளையாட்டாகச் செய்தால்தான் குற்றம்.

டெக்சாஸ் திசையன்விளை:
இங்கே அமெரிக்காவில் எப்படி என்று சொல்கிறேன், பிடிக்காவிட்டால் கடந்து போங்கள். இங்கே பொதுவாக கேட் கீப்பர் கிடையாது, பல இடங்களில் தானாக இறங்கும் கம்பி, மற்ற இடங்களில் விளக்கோ வெறும் எச்சரிக்கைப் பலகையோதான். ஒவ்வொரு கிராசிங்கிலும் ஒரு நீலப் பலகை, அதில் அந்தக் கிராசிங்கின் எண்ணும் ரயில் நிறுவனத்தின் அவசர போன் எண்ணும் இருக்கும். எச்சரிக்கை விளக்கும் கம்பியும் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிட்டால், சீருடைப் போலீஸ் ஒருவர் அங்கே ரோட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தால் ரயில் வழக்கமான வேகத்திலேயே கடக்கலாம். யாருமே இல்லை என்றால் ரயில் நின்று, அதில் வந்தவர் இறங்கி ரோட்டை மறித்த பிறகு கடக்க வேண்டும். போலீஸ் நிற்பது விதியிலேயே ஒரு கணக்கு. நம் ஊரிலும் அப்படி வைத்தால் என்ன?

பழைய மாஸ்டர்:
அங்கேயும் போலீஸ் ரோட்டைத்தானே பிடிக்கிறார், தம்பி? ரயிலுக்கு உத்தரவு அவர்கள் கன்ட்ரோலிலிருந்துதான் போகும். அவர் நிற்கிறார் என்ற தகவல் டிரைவருக்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நம் கேட்டில் ஒரு ஆள் இருக்கும்போது அந்த விதி இங்கே தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த நீலப் பலகை நல்ல யோசனை. நம் கேட் குடிசைச் சுவரிலும் கேட் எண் எழுதியிருக்கும், ரோட்டில் நிற்பவர் கண்ணில் படுவதில்லை.

காக்கி நெல்லை:
நான் ஒத்துக்கொள்ளவில்லை, மாஸ்டர் ஐயா. கேட் கீப்பர் ஒருவர், ரோட்டில் இருநூறு வண்டி. கம்பி பழுதாகி சங்கிலி கட்டும் நேரத்தில் பைக்காரன் சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழைவான். அவனை நிறுத்த ஆள் நாங்கள்தான். ஆனால் கேட் பழுது என்று ரயில்வே எங்களுக்குச் சொல்வதே இல்லை, கூட்டம் கூடி அடிதடி ஆனபிறகு யாரோ ஒரு பயணி சொல்லித் தெரிகிறது. மாஸ்டர் கன்ட்ரோலுக்குச் சொல்லும்போதே லோக்கல் ஸ்டேஷனுக்கும் ஒரு போன் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பழைய மாஸ்டர்:
அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். என் காலத்தில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் எண்ணை வைத்திருந்தேன். எல்லா மாஸ்டரும் வைத்திருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

வீரவநல்லூரான்:
அப்படியானால் எஸ்.ஐ. சொல்லி, கேட் கீப்பரும் பயந்து கம்பியைத் தூக்கி, விபத்து நடந்திருந்தால் யார் உள்ளே போவார்கள்?

பாளை வக்கீல்:
முதலில் கேட் கீப்பர், சந்தேகமே வேண்டாம். "எஸ்.ஐ. சொன்னார்" என்பது அவரைக் காப்பாற்றாது, அந்த உத்தரவைத் தர எஸ்.ஐ.க்கு அதிகாரமே இல்லை. எஸ்.ஐ.யும் தப்ப மாட்டார், கவனக்குறைவால் மரணம் விளைவித்தது அவர் மீதும் பாயலாம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று வாதாடலாம், ஆனால் தடுத்தவரை மிரட்டிச் செய்ததை நல்லெண்ணம் என்று நீதிபதியிடம் சொல்ல நான் வரமாட்டேன். நஷ்டஈட்டில் ரயில்வேயும் கை கழுவ முடியாது. கேரளத்தில் ஆளில்லா கேட்டில் நடந்த பஸ் விபத்து ஒன்றில் 1997-ல் உச்ச நீதிமன்றம், கேட்டைப் பாதுகாப்பாக வைப்பதில் ரயில்வேக்கும் கவனக் கடமை உண்டு என்று சொல்லிவிட்டது.

டவுன் அல்வா:
கேட்டைத் திறந்தால் மூணு வருசம், திறக்காவிட்டால் ஊரே திட்டும். கேட் கீப்பருக்கு இருட்டுக்கடையில் அரைக்கிலோ வாங்கித் தருகிறேன், ஊர்ப்பெயரைச் சொல்லும்வே.

காக்கி நெல்லை:
சரி, உபயோகமாக ஒன்று கேட்கிறேன். என் லிமிட்டில் உள்ள கேட்டுகளுக்கு எண் எழுதி வைக்கப்போகிறேன். எந்த ஸ்டேஷன் மாஸ்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 139 போதுமா?

பழைய மாஸ்டர்:
139 பொதுமக்களுக்குச் சரி, உங்களுக்கு அது சுற்றுவழி. ஒருநாள் சும்மா போய் கேட் கீப்பரிடம் கேட் எண், இரண்டு பக்கத்து ஸ்டேஷன், மாஸ்டர்களின் எண் இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள், டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கேட்டை ஒட்டிய மின்கம்பத்தில் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும், அதையும் குறியுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் கன்ட்ரோலில் இருப்பவருக்கு இடம் சட்டென்று புரியும். உங்கள் லிமிட் எந்தப் பக்கம்? தென்காசி, திருச்செந்தூர் பாதை என்றால் மதுரை கோட்டம். மேலப்பாளையம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் என்றால் திருவனந்தபுரம் கோட்டம். மதுரைக்குப் போன் போட்டால் அவர்கள் அங்கே பேசச் சொல்வார்கள்.

காக்கி நெல்லை:
நாங்குநேரிப் பக்கம். அப்போ திருவனந்தபுரம். குறித்துக்கொண்டேன்.